லிஃப்ட் அக்காவின் தங்கைக்கு வேலை நிரந்தரமான கதை

லிஃப்ட் அக்காவை நான் நூற்று இருபத்தைந்து முறை வேலையிலிருந்து நீக்கியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் விட்டு மறுபடி வேலைக்கு எடுத்துமிருக்கிறேன். இதில் எனக்குப் பெருமையும் இல்லை, அவர் மேல் பகையும் இல்லை. மாதச் சம்பளம் வாங்குகிறவன், மேலே இருப்பவர்கள் சொன்னதை டைப் அடித்தேன். அவ்வளவுதான் என்று முப்பத்தொரு வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன்.

எங்கள் அரசு அலுவலகம் பத்து மாடிக் கட்டிடம். யார் வேலைக்குச் சேர்ந்தார், யார் போனார் என்று எழுதி வைக்கும் பிரிவு மூன்றாம் மாடியில். அதில்தான் நான் கிளார்க். தற்காலிக ஊழியர் ஒருவர் தொடர்ந்து தொண்ணூறு நாள் வேலை பார்த்துவிட்டால் அவருக்கு ஏதோ உரிமை முளைத்துவிடும் என்று எப்போதோ ஒரு பெரிய அதிகாரி பயந்திருக்கிறார். என்ன உரிமை என்று நானும் தேடாத இடமில்லை. எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் அந்தப் பயம் மட்டும் ஃபைலில் பத்திரமாக இருந்தது. ஆகவே எண்பத்தொன்பதாம் நாள் மாலை நீக்கல் உத்தரவு, தொண்ணூறாம் நாள் இடைவெளி, அதற்கு மறுநாள் புது நியமனம். புது நியமனப் படிவத்தில் 'முன் அனுபவம்' என்று ஓர் இடம் உண்டு. அதில் 'இல்லை' என்றுதான் எழுத வேண்டும், இருக்கிறது என்று எழுதினால் மேலிருந்து கேள்வி வரும். இப்படியாக, ஒரே லிஃப்ட்டை ஓட்டிக்கொண்டிருந்த பெண்ணுக்கு வருஷத்துக்கு நான்கு தடவை அனுபவமே இல்லாமல் போனது.

நீக்கல் உத்தரவை வாங்க அவரே மூன்றாம் மாடிக்கு வருவார். பல நாள் என்னையும் அவர்தான் ஏற்றிக்கொண்டு வந்திருப்பார். "வாங்க சார், என்னை வேலைய விட்டுத் தூக்கிட்டு வந்துடலாம்" என்று கதவை இழுத்துச் சாத்துவார். வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த லிஃப்ட் மணிச் சத்தத்துக்கு ஓடிவிடுவார். என்னைவிட ஒரு வயது சின்னவர்தான். ஆனாலும் டிரைவர் முதல் துணை இயக்குநர் வரை எல்லோருக்கும் அவர் அக்கா. நானும் அப்படித்தான் கூப்பிட்டேன்.

அக்கா இந்த வேலைக்கு வந்ததே ஒரு கூத்து. இருபத்தேழு வயதில், டைப்பிஸ்ட் வேலைக்கு மனுக் கொடுக்க வந்திருக்கிறார். லிஃப்ட்டில் ஆறு அதிகாரிகள் நின்றுகொண்டிருந்தார்களாம், ஓட்டுகிறவரைக் காணோம். அவர் டீ குடிக்கப் போனவர். கால் மணி நேரம் பார்த்துவிட்டு அக்கா பொறுமை இழந்து கைப்பிடியைப் பிடித்துத் திருகியிருக்கிறார். எங்கள் லிஃப்ட் பொத்தானை அமுக்கினால் போகிற ரகம் இல்லை. பித்தளைக் கைப்பிடியை எவ்வளவு திருகுகிறோமோ அவ்வளவு வேகம், தரையும் லிஃப்ட்டும் ஒரே மட்டத்தில் வர வேண்டுமானால் முன்கூட்டியே விட வேண்டும். நான்காம் மாடிக்கு மட்டும் கொஞ்சம் பிந்தி விட வேண்டும், ஏன் என்று கேட்டால் கட்டியவனைத்தான் கேட்க வேண்டும். அக்கா முதல் தடவையே ஆறு பேரையும் பத்தாம் மாடியில் தரைக்குச் சரியாக இறக்கிவிட்டார். டைப்பிஸ்ட் மனு எங்கே போனதோ, அன்றே எண்பத்தொன்பது நாளைக்கு லிஃப்ட் வேலை கொடுத்துவிட்டார்கள். டீ குடிக்கப் போனவரைத் தேடியதாகக்கூடத் தகவல் இல்லை.

முதல் பன்னிரண்டு வருஷம், இடைவெளி நாளில் லிஃப்ட்டைப் பூட்டி வைத்தார்கள். அன்றைக்கு எல்லோரும் படியேறுவோம். எங்களுக்கு முழங்கால்தான் போனது. ஆனால் பத்தொன்பது வருஷத்துக்கு முன் இருந்த இயக்குநர் உடம்பு கனத்தவர். ஓர் இடைவெளி நாளில் பத்தாம் மாடிக்கு ஏறக் கிளம்பி, ஏழாம் மாடிப் படித்திருப்பத்தில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் போக முடியவில்லை. ஃபைல்கள் அங்கேயே வந்தன. மேசை வந்தது. மதியம் இரண்டு மணிக்கு வெளியூர்க் குழு ஒன்றோடு கூட்டம் இருந்தது, அதையும் படியிலேயே ஆளுக்கொரு படியாக உட்கார்ந்து நடத்தினார்கள். மாலை ஆறு மணிக்கு என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"அடுத்த தடவை லிஃப்ட் ஓடணும். சட்டமும் கெடக் கூடாது, லிஃப்ட்டும் நிக்கக் கூடாது. என்ன பண்ணுவியோ தெரியாது" என்றார்.

ஒரு நாள் பதிலாளைப் போடலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன். முதலில் ஜீப் டிரைவரைப் போட்டுப் பார்த்தோம். தணிக்கைக்கு வந்த ஒருவரை ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே மூன்று மணி நேரம் தொங்கவிட்டு எடுத்தார். அந்த வருஷத் தணிக்கை அறிக்கை எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அக்காவைத் தவிர வேறு யாருக்கும் அந்தக் கைப்பிடி பணியவில்லை. இடைவெளி நாளில் அக்கா வேலை செய்தால் இடைவெளி போய்விடும். வேறொருத்தி வந்தால் போகாது. அந்த வேறொருத்தியும் அக்காவாகவே இருந்துவிட்டால்?

இந்த எண்ணம் என் மண்டையில்தான் உதித்தது, மறைக்கவில்லை. ஒரு நாள் நியமனப் படிவத்தை டைப்ரைட்டரில் மாட்டினேன். பெயர் வேண்டுமே. அவசரத்துக்கு என் மாமியார் பெயர்தான் வாயில் வந்தது, அதை அடித்தேன். பிறந்த தேதிக்கு அக்காவின் தேதியையே போட்டு, வருஷத்தை மட்டும் பத்து கூட்டினேன். முகம் ஒரே மாதிரி இருக்கிறதே என்று யாராவது கேட்டால் என்ன செய்வது என்று, உறவு என்ற இடத்தில் 'லிஃப்ட் இயக்குபவரின் தங்கை' என்று போட்டேன். இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். அக்காவுக்குக் கூடப்பிறந்தவர்கள் யாருமே கிடையாது.

"ஏன் சார், ஒரு வார்த்தை கேட்டிருந்தா நல்ல பேரா வெச்சிருப்பேனே" என்றுதான் அக்கா சொன்னார்.

வீட்டில்தான் ரகளை. அவர் வீட்டுக்காரர் டெய்லர், வாசல் அறையில் மெஷின் போட்டுத் தைப்பவர். "கல்யாணமாகி இத்தனை வருஷம் கழிச்சு எனக்கு ஒரு மச்சினி இருக்கான்னு சொல்றியே, நியாயமா? முன்னாடியே சொல்லியிருந்தா மரியாதையா நடந்திருப்பேன்ல" என்று தெருவுக்குக் கேட்கும்படி கேட்டாராம். அன்றிலிருந்து தொண்ணூறு நாளைக்கு ஒரு தரம் காலையில் டிபன் டப்பாவைக் கையில் கொடுக்கும்போது, "பாத்துப் போம்மா, உங்கக்கா வந்தா சொல்றேன்" என்பார். மகளுக்கு அப்போது ஒன்பது வயது. "அம்மா, இன்னிக்கு நீ சித்தியா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஸ்கூலுக்குப் போவாள். பேனா வாங்க, சினிமாவுக்குப் போக என்று அம்மா மறுத்ததை எல்லாம் சித்தியிடம் கேட்டு வாங்குவாளாம். சித்தியும் கொடுத்துவிடுவாராம்.

அலுவலகத்திலும் எல்லோருக்கும் விஷயம் தெரியும். தெரிந்ததைத் தெரியாதது போல வைத்துக்கொள்வதில் எங்களை மிஞ்ச ஆளில்லை. தங்கை நாளில் அக்கா காக்கிக் கோட்டின் பொத்தானை எல்லாம் போட்டுக்கொள்வார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிடுவார். எல்லோரும் "வாம்மா தங்கச்சி" என்போம். ரெக்கார்டு ரூம்காரர் ஒருவர் அக்காவோடு ஏதோ சண்டையில் ஏழு வருஷம் பேசாமல் இருந்தார். தங்கையோடு மட்டும் நன்றாகப் பேசுவார். "உங்கக்காவுக்குக் கொஞ்சம் திமிர்மா, நீ அப்படியில்ல" என்று அவரிடமே சொல்லிவிட்டு இறங்குவார். அக்கா அதை மறுநாள் ஞாபகம் வைத்திருந்து அவரை இரண்டாம் மாடிக்குப் பதில் எட்டாம் மாடியில் இறக்கிவிடுவார்.

ஒன்று சொல்ல வேண்டும். முப்பத்தொரு வருஷமும் அக்கா நின்றுகொண்டுதான் லிஃப்ட் ஓட்டினார். தற்காலிக ஊழியர் பேரில் நாற்காலி எழுத முடியாது, திடீரென்று போய்விட்டால் நாற்காலிக்கு யார் பொறுப்பு என்பது ஸ்டோர்கீப்பரின் வாதம். அக்கா எங்கே போகப்போகிறார் என்று நாங்கள் ஒருவரும் திருப்பிக் கேட்கவில்லை. கால் வீங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பதை நானே எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன்.

எப்போதோ வர வேண்டியது இந்த வருஷம் வந்தது. பத்து வருஷத்துக்கு மேல் 'தடையின்றி' வேலை பார்த்த தற்காலிக ஊழியர்கள் அனைவரையும் நிரந்தரமாக்கலாம் என்று அரசாணை. எங்கள் கட்டிடத்தில் அப்படிப்பட்டவர் லிஃப்ட் அக்கா ஒருவர்தான். அரசாணையை நான் படித்து முடிப்பதற்குள் அவர் என் மேசைக்கு வந்து நின்றார்.

"சார், எனக்கு வருமா?"

அக்காவுக்கு அப்போது ஐம்பத்தெட்டு முடிந்திருந்தது. அறுபதில் எல்லோரையும் அனுப்பிவிடுவார்கள், நிரந்தரமோ தற்காலிகமோ. நிரந்தரமானால் பென்ஷன் உண்டு. இல்லையென்றால் நூற்றுச் சொச்சத்தாவது நீக்கல் உத்தரவு ஒன்றுதான், அதற்கு மறுநாள் நியமனம் இருக்காது. டெய்லருக்குக் கண் மங்கி ஊசியில் நூல் கோக்க அடுத்த வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிடுகிற நிலை. இருப்பதோ வாடகை வீடு. மகள் கல்யாணமாகி தூரத்தில் இருக்கிறாள், அவள் பாட்டையே அவளால் பார்க்க முடியவில்லை. இதையெல்லாம் அக்கா சொல்லவில்லை, எனக்குத் தெரியும். "வரும்க்கா, உங்களுக்கு வராம யாருக்கு வரும்?" என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாய் மூடுவதற்குள் ஞாபகம் வந்தது. சம்பளப் பட்டியலில் லிஃப்ட்டுக்கு இரண்டு பேர் இருந்தார்கள்.

விசாரிக்க மூன்று பேர் குழு வந்தது. பத்தாம் மாடிக் கூட்ட அறையில் உட்கார்ந்தார்கள். தலைவர் ஓய்வுபெற்ற அதிகாரி, விதியைத் தின்று விதியைக் குடித்து வளர்ந்தவர் என்று பார்த்ததுமே தெரிந்தது. நான் பட்டியலோடு ஓரமாக நின்றேன். முந்தின நாளே அக்காவிடம் சொல்லிக்கொடுத்திருந்தேன். இடைவெளி நாளில் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டால் வீட்டில் இருந்தேன் என்று சொல்லுங்கள், வேலைக்கு வந்தேன் என்று சொன்னால் ஆள்மாறாட்டம், இரண்டு பேருமே மாட்டிக்கொள்வோம் என்று.

"ரெண்டு பேரையும் ஒண்ணா வரச் சொல்லுங்க. அக்கா தங்கச்சியைச் சேத்து வெச்சே விசாரிச்சிடலாம்" என்றார் தலைவர்.

அவர்களை ஏற்றிவந்த அக்கா கதவோரமே நின்றிருந்தார். அக்கா அசரவில்லை.

"ரெண்டு பேரும் வந்தா லிஃப்ட்ட யாரு சார் பாக்குறது? ஆளில்லாம விடக் கூடாதுன்னு உள்ளயே போர்டு எழுதிப் போட்டிருக்கே. ஒருத்தர் வந்தா ஒருத்தர் அங்க நிக்கணும்."

தலைவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. விதியை மதிக்கிற ஒரு ஜீவனை அவர் பார்த்து எத்தனை நாளாயிற்றோ. "கரெக்ட். ஒவ்வொருத்தரா வாங்க" என்றார்.

அக்காவின் விசாரணை நடக்கும்போதே நான்காம் மாடியிலிருந்து யாரோ மணியை அடித்துக்கொண்டே இருந்தார்கள். தலைவர் காதைத் தீட்டினார். "கீழ உங்க தங்கச்சி இருக்காங்கல்ல? ஏன் போக மாட்டேங்கறாங்க?"

"அவ புதுசு சார், மெதுவாத்தான் போவா."

"பத்தொம்பது வருஷமா வராங்கன்னு இங்க இருக்கே?"

"தொண்ணூறு நாளைக்கு ஒருக்கா வரவ சார். வரும்போதெல்லாம் புதுசுதான்."

குழுவில் இருந்த ஓர் அம்மா அதைக் குறித்துக்கொண்டார். பிறகு தலைவர் கேட்க வேண்டியதைக் கேட்டார். "முப்பத்தோரு வருஷத்துல நூத்தி இருபத்தஞ்சு நாள் இடைவெளி இருக்கு. அந்த நாள்ல எல்லாம் எங்க இருந்தீங்க?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் பட்டியலைப் பார்த்தேன். "வீட்டுல இருந்தேன் சார்" என்றார்.

அவர் போய், கண்ணாடியைக் கழற்றி, பொத்தானைப் போட்டுக்கொண்டு, போகிற போக்கில் அந்த நான்காம் மாடிக்காரரையும் ஏற்றி இறக்கிவிட்டு, ஐந்தாவது நிமிஷம் தங்கையாக வந்து நின்றார். தலைவர் ஏறிட்டுப் பார்த்தார். "ஜாடை அப்படியே இருக்கு. ஆனா இவங்க முகத்துல ஒரு பணிவு தெரியுது" என்று மற்ற இருவரிடமும் சொன்னார். கண்ணாடி இல்லாததால் அக்கா கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றதுதான் அந்தப் பணிவு.

"வேலையில் இருக்கும்போது நடுவுல எப்பவாவது இடைவெளி விட்டிருக்கீங்களா?"

"காலைல சேந்து சாயங்காலம் முடிஞ்சுடும் சார். நடுவுல எங்க போறது?"

"நியமிச்ச நாள்ல வராம இருந்ததுண்டா?"

"இல்ல சார். எழுபத்தேழு தடவை கூப்பிட்டாங்க, எழுபத்தேழு தடவையும் வந்திருக்கேன்."

தலைவர் பேனாவை மூடினார். "இதுதான்யா தடையில்லாத பணி" என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

இரண்டு மாதம் கழித்து உத்தரவு வந்தது. முதல் பத்தியில், லிஃப்ட் இயக்குபவரான அக்காவின் பணியில் நூற்று இருபத்தைந்து தடைகள் இருப்பதால் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. இரண்டாம் பத்தியில், அன்னாரின் தங்கை பத்தொன்பது வருஷம் ஒரு தடையும் இல்லாமல் பணியாற்றியிருப்பதால் அதே பணியிடத்தில் நிரந்தரமாக நியமிக்கப்படுகிறார். மூன்றாம் பத்தி ஒரே வரி. பணியிடம் ஒன்றுதான் இருப்பதாலும் அது நிரந்தரமாக நிரப்பப்பட்டுவிட்டதாலும், நடப்புத் தவணை முடிந்ததும் அக்காவின் சேவை தேவையில்லை.

உத்தரவை எடுத்துக்கொண்டு லிஃப்ட்டுக்குப் போனேன். அக்கா படித்தார். எல்லா மாடியிலும் மணி அடித்தது. கதவைச் சாத்தி லிஃப்ட்டைக் கிளப்பி, மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே நிறுத்தினார். எங்கள் கட்டிடத்தில் தனியாகப் பேச அதைவிட்டால் இடம் கிடையாது.

"சார், இப்ப நான் இருக்கேனா, போயிட்டேனா?"

"நீங்க போயிட்டீங்கக்கா. தங்கச்சி இருக்காங்க."

"அவ எங்க சார் இருக்கா?"

நான் உத்தரவைத் திருப்பி வாங்கி மடித்தேன்.

"உண்மையச் சொல்லிடலாமா? அந்த நாள்லயும் நான்தான் வந்தேன், ஒரு நாளும் தடையில்ல, எனக்கே குடுங்கன்னு கேட்டா?"

"கேட்டா என் பென்ஷன் போயிடும்க்கா. உங்களுக்கு ரெண்டு வேலையும் போயிடும்" என்றேன். இந்த வரிசையில்தான் சொன்னேன். எனக்கு ஓய்வுக்கு ஐந்து மாதம் பாக்கி. அன்றைக்கு அவர் முன்னால் நின்றபோது எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது, ஆனாலும் வேறு வரிசையில் சொல்ல வாய் வரவில்லை.

அக்கா கைப்பிடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "தங்கச்சி எப்ப ரிட்டையர் ஆவா?"

"அவங்களுக்கு நாப்பத்தெட்டுதான். இன்னும் பன்னெண்டு வருஷம்."

"அப்ப எனக்கு எழுபது சார்."

"ஆமாங்கக்கா."

சிரித்தார். விழுந்து விழுந்து சிரித்தார், கண்ணில் தண்ணீர் வருகிறவரை. பிறகு சிரிப்பு நின்றும் தண்ணீர் நிற்கவில்லை. "ஏத்தி எறக்குனதெல்லாம் நான் சார். அவ யாரு சார்? உங்க மாமியார் பேரு. எம் பேருல ஒரு துண்டுக் காகிதமாச்சும் குடுத்திருக்கலாமே" என்றார். மேலேயும் கீழேயும் மணி அடித்துக்கொண்டிருந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு நான்காம் மாடிக்கு ஏற்றினார், கொஞ்சம் பிந்தி விட்டு, தரைக்குச் சரியாக.

டெய்லர்தான் முடிவு சொன்னாராம். "பேரு எவளுதா இருந்தா என்ன, அரிசி வாங்கலாம்ல? போய்ச் சேரு" என்று. ஆனால் சேருகிற படிவத்தில் அவருக்கும் ஒரு இடி இருந்தது. தங்கைக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று பத்தொன்பது வருஷத்துக்கு முன் நான் எழுதித் தொலைத்திருந்தேன். பென்ஷனுக்கு வாரிசாக அவரைப் போட வேண்டுமானால் 'அக்காவின் கணவர்' என்றுதான் போட முடியும். என் மேசைக்கு வந்து, படிவத்தை மூக்குக்குக் கிட்டே பிடித்துப் படித்துவிட்டு, "இப்ப நான் யாரு வீட்டுக்காரன் சார்?" என்று கேட்டார். வழக்கமான கிண்டல் குரல் இல்லை. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைத் தொட்டுக் காட்டினேன். போட்டுவிட்டுப் போனார்.

அக்காவின் தவணை முடிந்தது. நூற்று இருபத்தைந்துக்கு மேல் இன்னொரு நீக்கல் உத்தரவையும் நானே டைப் அடித்தேன். மறுநாள் காலை தங்கை நிரந்தரமாகச் சேர்ந்தார். ஸ்டோர்கீப்பர் புது நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, "இது தங்கச்சி பேருல எழுதினது, உங்கக்காவுக்குக் குடுத்துடாதீங்க" என்று கண்டிப்பாகச் சொன்னார். விளையாட்டுக்குச் சொன்னாரா நிஜமாகவே சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அன்று மாலையே அக்காவுக்குப் பிரிவுபசார விழா. ஊழியர் சங்கம் ஏற்பாடு செய்தது. எதற்கு இந்தக் கண்றாவி என்று கேட்டேன். முப்பத்தொரு வருஷம் இருந்தவரைச் சும்மா அனுப்பினால் நன்றாக இருக்காது என்றார்கள். பத்தாம் மாடிக் கூட்ட அறை நிறைந்துவிட்டது. வந்தவர்களை எல்லாம் தவணை தவணையாக ஏற்றிக்கொண்டு வந்தவர் அக்காதான். கடைசியாக இயக்குநரைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, லிஃப்ட்டைப் பூட்டிச் சாவியோடு கதவோரம் வந்து நின்றார். இயக்குநர் வந்து நான்கு மாதம்தான் ஆகிறது. அக்கா வேறு, தங்கை வேறு என்று மனதார நம்புகிற ஒரே ஆள் அவர்தான்.

"உடல்நிலை காரணமா அவங்க இன்னிக்கு வர முடியல. அவங்க சார்பா தங்கை பரிசை வாங்கிக்குவாங்க, ரெண்டு வார்த்தை பேசுவாங்க" என்றார் இயக்குநர். சுவர்க் கடிகாரம் ஒன்றைக் கொடுத்தார். அறையில் களுக்கென்று சிரிப்பு. எல்லோரும் தயாராக இருந்தார்கள், அக்கா ஏதாவது வேடிக்கையாகப் பேசுவார் என்று. முதலில் அப்படித்தான் பேசினார்.

"எங்கக்காவுக்குக் கொஞ்சம் திமிர்னு இங்க ஒருத்தர் சொல்லுவாரு. உண்மைதான்" என்றார். ரெக்கார்டு ரூம்காரர் தலையைக் குனிந்துகொண்டார், கைதட்டல் எழுந்தது.

"ஆனா ஒண்ணு சொல்லணும். நாளைக்கு யாராவது வந்து, இப்படி ஒருத்தி இங்க வேல பாத்தாளான்னு கேட்டா, நீங்க ரிஜிஸ்டரப் பாத்துட்டு, வந்து வந்து போயிருக்கா, நெலையா இருந்ததில்லன்னு சொல்லுவீங்க. அது தப்பு. அவ ஒரு நாளும் போகல. கால் வீங்குனப்பவும் வந்தா. அவங்கம்மா செத்த மூணாம் நாளும் வந்தா. முப்பத்தோரு வருஷமும் இங்கயேதான் நின்னா."

சிரிப்பு நின்றுவிட்டது. இயக்குநர் அவர் கையிலிருந்த கடிகாரத்தின் அட்டையைத் திருப்பிப் பார்த்து, "இதுல வெறும் லிஃப்ட் அக்கான்னுதான் போட்டிருக்கு. அவங்க பேரு என்ன?" என்று பொதுவாகக் கேட்டார்.

சங்கத் தலைவர் செயலாளரைப் பார்த்தார், செயலாளர் துணை இயக்குநரைப் பார்த்தார். அத்தனை பேரையும் அத்தனை வருஷம் ஏற்றி இறக்கியவரின் பெயர் அந்த அறையில் ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரியும். நியமனத்துக்கு ஒரு தரம், நீக்கலுக்கு ஒரு தரம் என்று இருநூற்றைம்பது தடவைக்கு மேல் அடித்த விரல்கள் இவை. வாயால் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. இன்னும் சில மாதம் பேசாமல் இருந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே எழுந்து நின்றுவிட்டேன். வெட்கத்தில்தான் நின்றேன், வீரத்தில் இல்லை. இனிஷியலோடு சேர்த்து, பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கூப்பிடுவது போல, அவர் பெயரைச் சத்தமாகச் சொன்னேன்.

அக்கா கோட்டுப் பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு என்னை நேராகப் பார்த்தார்.

"இருக்கேன் சார்" என்றார்.

பெயருக்குப் பெயர், ஆளுக்கு ஆள், இயக்குநரின் முன்னாலேயே இருவரும் ஒப்புக்கொண்டுவிட்டோம். என் பென்ஷன் போயிற்று, அவர் வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். அந்த ஒரு நிமிஷம் எனக்கு அதில் வருத்தமே இல்லை.

இயக்குநர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். "பாத்தீங்களா? அக்காவுக்காக இவங்க குரல் குடுக்கறாங்க. தங்கச்சின்னா இப்படி இருக்கணும்" என்று தழுதழுத்துவிட்டுக் கைதட்டத் தொடங்கினார். தயங்கித் தயங்கி எல்லோரும் தட்டினார்கள். பிறகு பலமாகத் தட்டினார்கள். அக்கா கடிகாரத்தை மார்போடு பிடித்துக்கொண்டு, "இல்ல சார், நான்தான் சார்" என்று சொல்வது என் காதில் விழுந்தது. தட்டுகிற சத்தத்தில் இயக்குநருக்கு விழவில்லை. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, தனக்கு இன்னொரு கூட்டம் இருக்கிறது, கீழே போக வேண்டும் என்றார்.

அக்கா கடிகாரத்தை என் கையில் கொடுத்துவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு போய் லிஃப்ட் கதவைத் திறந்தார்.